இருபது நாள் குளம்

— அந்தப் பானையில கை வைக்காதீங்க துபாஷியாரே. கையெல்லாம் சந்தனமா இருக்கு. கழுவிட்டு வாங்க.

— தனக்கோடி, நான் யாருன்னு நெனச்ச? கோட்டையில வெள்ளக்காரக் கப்பித்தான் பேசற உலாந்தாப் பேச்ச ஊருக்குச் சொல்லி, ஊரு பேசறத அவருக்குச் சொல்ற பூபதி. என்னையா கை கழுவச் சொல்ற?

— செடிக்கு அதெல்லாம் தெரியாதுங்க. வேலம்மா, ஐயாவுக்குத் தண்ணி ஊத்து.

— ஊத்தறேன்க்கா. நீட்டுங்க நைனா. ரெண்டு கையும். இன்னாத்துக்கு விடிஞ்சதும் விடியாததுமா எங்க குப்பத்துக்கு ஓடியாந்தீங்க? மூச்சு வாங்குது, தலப்பா அவுந்து தோள்ல கெடக்குது.

— சும்மாதான் வந்தேன். தனக்கோடி, இந்தச் செடிங்கள எப்படிப் பொழைக்க வச்சன்னு எனக்குச் சொல்லிக் குடு. மொதல்லேர்ந்து, ஒண்ணு விடாம, மத்தியானத்துக்குள்ள. நான் சொல்றது வெளங்குதா?

— இருபது நாளா பாத்தத மத்தியானத்துக்குள்ளயா?

— இதுல இன்னா பெரிய வித்த? கோட்டைத் தோட்டத்து அல்லித் தொட்டி விரிசல் உட்டுச்சு. கொத்தன் பூசி முடிக்கிற வரைக்கும் செடிய வெளிய வச்சோம். நாலு பானை, நாலு செடி. அவ்வளோதானே?

— அக்கா, இதே வாயிதான் அன்னிக்கு பித்தள அண்டாவுல போடுன்னு சொல்லிச்சு.

— வேலம்மா, வாய மூடு! அது எங்க வீட்டு விசேஷத்துக்கு எடுக்கிற அண்டா. கப்பித்தான் ஆசையா வளக்கிற செடியாச்சேன்னு மரியாதையா வச்சேன்.

— மரியாதையா வச்சீங்க ஐயா. களிம்பு ஏறுச்சு. தண்ணி கொறஞ்சுதுன்னு ஏரி உப்புத் தண்ணிய மொண்டு ஊத்தினீங்க. அது போதாதுன்னு, கண்ணு பட்டுடும்னு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, ஆலம் சுத்தி, அந்த ஆலத்த அண்டாவுக்குள்ளயே கொட்டினீங்க. பதினாறு செடியில பன்னெண்டு நாலே நாள்ல கூழாப் போச்சு.

— ஆலம் நல்லதுதானே? கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்கே சுத்தறோம்!

— சுத்திட்டு வாசல்ல ஊத்துவாங்க நைனா. மாப்பிள்ளைக்குக் குடிக்கவா குடுப்பாங்க?

— சிரிக்காத வேலம்மா. ஐயா, மிச்சம் நாலு செடிய இலை தொங்கத் தொங்க எடுத்தாந்து எங்கிட்ட குடுத்தீங்க. அப்ப இன்னா சொன்னீங்க? செடிய பொழைக்க வைக்கிற ஆளு எது கேட்டாலும் கப்பித்தான் தருவாருன்னீங்க. நான் இன்னா கேட்டேன்?

— ஓடைய கேட்ட.

— கோட்டைக்குப் பின்னால ஓடற ஓடை. என் அம்மா, அவங்க அம்மா எல்லாரும் முட்டியளவு தண்ணியில உக்காந்து கையால தடவி எறா புடிச்ச எடம். ஒரு வருசமா காவக்காரன் ஈட்டிய குறுக்க போட்டு நிக்கிறான். நாங்க நடு ஏரியில கழுத்தளவுல நின்னு காலால தடவறோம். போன ஐப்பசியில நம்ம செல்லி அப்படியே தண்ணியோட போயிட்டா. பத்தொம்பது வயசு. அந்த ஓடைய தெறந்து உடணும்னு உங்ககிட்ட சொல்லி அனுப்பினேன். கப்பித்தான் காதுல போட்டீங்களா?

— போட்டேன். போடுவேன். போடற மாதிரிதான் இருந்தேன்.

— நைனா, குடை சௌக்கியமா?

— எந்தக் குடை?

— சரிகை வச்ச குடை. கோட்டை வாசல் பெருக்கற எங்க மாமியா கண்ணுக்கு எதுவும் தப்பாது. குடைய விரிச்சுக்கினு சமையக்காரன் கிட்ட போய் நின்னீங்களாமே. 'செடிய நான் காப்பாத்தினேன், அதுக்குக் கப்பித்தான் குடுத்தாரு'ன்னு.

— தனக்கோடி, நீ புரிஞ்சுக்கோ. பதினாறுல பன்னெண்டு போச்சு, மீதிய எறா புடிக்கிற பொம்பள காப்பாத்தினான்னு நான் எப்படி அந்த மனுசன் முன்னால சொல்றது? என் மரியாதை இன்னா ஆவும்?

— சரி. மரியாதை நின்னுச்சு, குடையும் வந்துச்சு. அப்புறம் ஏன் மூச்சு வாங்குது?

— கப்பல்.

— எந்தக் கப்பல்?

— நாளன்னிக்கி கடல் தாண்டி பத்தாவியாவுக்குப் பாய் விரிக்குதே, அது. அங்க இருக்கிற பெரிய தொரை தோட்டத்துக்கு இந்த நாலு பானையும் போவுது. செடிய காப்பாத்தின ஆளே கூடப் போய் ஒப்படைக்கணும்னு நேத்து விளக்கு வச்சதும் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. சிரிச்சுக்கினே சொன்னாரு. மெச்சித்தான் சிரிக்கிறாருன்னு நானும் கூட சிரிச்சேன். 'குடைய மறக்காத, கப்பல்ல வெயிலு ஜாஸ்தி'ன்னாரு.

— ஐயே! அக்கா, குடையோட கப்பல் ஏறப் போறாரு!

— சிரிக்காதடி! முகத்துவாரம் தாண்டறதுக்குள்ளயே எனக்குக் கொடலு வாய்க்கு வந்துடும். போவ ரெண்டு மாசம், வர ரெண்டு மாசம். வழியில செடி செத்துதுன்னா என்னைத் திரும்ப ஏத்துவாங்களோ, அங்கயே உட்டுடுவாங்களோ. தனக்கோடி, நீ வந்து சொல்லிடு. வளத்தது நீதான்னு.

— மொதல்ல செடிய பாக்கலாம். உக்காருங்க. இந்தப் பானை எதுன்னு தெரியுதா?

— பழம்பானை.

— எங்க வூட்டுக் குடிதண்ணிப் பானை. புதுப்பானை தண்ணிய உறிஞ்சிக்கினே இருக்கும், செடிக்கு ஆவாது. இருந்த நாலையும் இதுக்குக் குடுத்துட்டு, நாங்க வேலம்மா வூட்டுத் தண்ணிய கொட்டாங்குச்சியில குடிக்கிறோம். அடியில நாலு விரக்கட சேறு. காட்டூர் ஏரிச் சேறு.

— காட்டூருக்கா போன?

— நடந்து போய் தலையில தூக்கியாந்தேன். கப்பித்தான் அந்த ஏரியில இருந்துதானே இந்தக் கொட்டிக் கெழங்கையும் அல்லியையும் தோண்டியாந்தாரு. பொறந்த மண்ணு காலடியில இருந்தா, எங்க இருக்கோம்ங்கிறத செடி மறந்துடும்.

— தண்ணி?

— மணல்மேட்டு ஊத்துத் தண்ணி. ஊத்தறதுக்கு முன்னால நாக்குல வச்சுப் பாருங்க, கரிச்சா வேணாம். தெனம் காலையில ரெண்டு கொட்டாங்குச்சி எடுத்துட்டு ரெண்டு ஊத்துங்க. மொத்தமா மாத்தினீங்கன்னா பயந்துடும்.

— செடி பயப்படுமா?

— ஊரு மாறணும்னதும் உங்களுக்குத் தலப்பாவே அவுந்துச்சு. அதுக்கு இருக்காதா?

— தனக்கோடி! உள்ள இன்னாவோ நெளியுது!

— கூனி. ஏரியில கெடக்கிற பொடி எறா. பானைக்கு அஞ்சு உட்டிருக்கேன். அழுகின இலைய அது தின்னுடும். அது செத்து மெதந்துச்சுன்னா தண்ணி கெட்டுப்போச்சு. செடி வாடறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே கூனி சொல்லிடும். எறா புடிக்கிற பொம்பளைங்களுக்கு இது பாலு குடிக்கறப்பவே தெரியும் ஐயா, யாரும் வந்து கேட்டதில்ல.

— அல்லிக்கு எத்தினி இலை?

— மூணோட வந்தா. எண்ணுங்க.

— பதினொண்ணு. இன்னா தனக்கோடி, பூவே விட்டிருக்கு!

— ஆமா, விட்டிருக்கா. தொட்டியில இருந்தப்பகூட இவ பூத்ததில்ல.

— இரு, இரு. பானைங்க எல்லாம் உறியில இருக்கு. பக்கத்துல ஈரத்துணி வேற மடிச்சு வச்சிருக்க.

— கப்பல் ஆடும். உறியில தொங்கினா தண்ணி சிந்தாது. அலை தெறிக்கறப்ப துணிய மூடுங்க, உப்பு எறங்காது. காலையில ரெண்டு நாழிகை வெயிலு காட்டினா போதும்.

— அது சரி. கப்பல்னு நான் இப்பதானே வாயத் தெறந்தேன்? நீ எப்ப உறி கட்டின?

— நேத்து சாயங்காலம். வேலம்மா, எறா போடற பறிய எடு. ஏரித் தண்ணி வடியுது, நேரமாச்சு.

— எங்க கெளம்பறீங்க?

— ஓடைக்கு நைனா.

— ஐயோ, காவக்காரன் குத்திடுவான்!

— அவன் விடிகாலையிலேர்ந்து ஓரமா குந்திக்கினு வேடிக்க பாக்கறான். பதினெட்டு பேரு எறங்கிட்டாங்க. செல்லி தங்கச்சிதான் மொத ஆளா எறங்கினா. அந்தச் சிரிப்பு உங்க காதுல உழல?

— யாரு தெறந்து உட்டது? நான் சொல்லவே இல்லியே!

— கப்பித்தான் நேத்து செடிய பாக்கணும்னு உங்க வூட்டுக்குப் போயிருக்காரு. பொழக்கடையில பச்சக் களிம்பு புடிச்ச அண்டாதான் இருந்துச்சாம். உங்க வூட்டம்மா பாவம், பொய் சொல்லத் தெரியாதவங்க. குப்பத்துக்கு வழி காமிச்சிட்டாங்க. இதே எடத்துல வந்து நின்னு பானைக்குள்ள கைய உட்டாரு. கழுவிட்டு வாங்கன்னு சைகை காட்டினேன். கழுவிட்டு வந்தாரு.

— அவருக்கு உன் பேச்சு தெரியாது, உனக்கு அவரு பேச்சு தெரியாது. நான் இல்லாம எப்படிப் பேசினீங்க?

— பூ பூத்திருந்துச்சு. அதுக்கு துபாஷி வேணுமா? யாருன்னு பாத்தாரு, என் நெஞ்சத் தொட்டேன். இன்னா வேணும்னு கைய விரிச்சாரு, ஓடைய காமிச்சேன்.

— வளத்தது நீதான்னு தெரிஞ்சுமா என்னைய கப்பல்ல ஏத்தறாரு?

— பானையையும் கடலையும் காமிச்சு, கூட யாரு போறதுன்னு என்னைத்தான் கேட்டாரு துபாஷியாரே. நான் உங்க வூட்டுப் பக்கம் கைய நீட்டினேன்.