பருத்திக் காட்டின் இரண்டாவது அடி

வேலைக்குப் போவது மட்டுமே ஒரு பெண்ணுக்கு விடுதலையாகிவிடுமா? மெரிலேண்ட்ஸ் ஊருக்குப் போகும் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த ஈழத்துத் தாதியர் இருவரின் பேச்சு என்னை இப்படிக் கேட்க வைத்தது.

“எங்கட வார்டில ஒரு உஸ்பெக் அம்மா, அக்கா. பொம்பிளையள் முகத்திரையை எரிக்க வேணுமெண்டு அரசாங்கம் சொன்ன சோவியத் காலத்தில அவவின்ர தாய் கட்டின கவிதையை இண்டைக்குச் சொன்னவ. ‘முகத்திரையை எரித்தேன், சூரியனைக் கண்டேன்.’ மேடையில சொல்ல, எல்லாரும் கைதட்டினவையாம்.”

“அவ்வளவுதானோ?”

“இன்னொரு அடி இருக்கு. ‘அந்தச் சூரியனின் கீழே பருத்தி பொறுக்கி முதுகு வளைந்தேன்.’ இதை வீட்டுக்குள்ள மட்டும்தான் சொன்னவவாம். வெளியில சொன்னா பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.”

“அப்ப திரையைத் திரும்பப் போட்டிருக்கலாமே?”

“நானும் கேட்டனான். ‘விசரி, இரண்டு அடியும் என்ர அம்மாவின்ரதான்’ எண்டு ஏசிப்போட்டா.”

நான் பையிலிருந்து காகிதங்களை எடுத்தேன்.

மகளிர் தின உரையில் நான் எழுதியிருந்த ‘உழைப்பே விடுதலை’ என்ற வரியை அன்று நீக்கவில்லை. அதன் கீழே அந்த இரண்டாவது அடியைச் சேர்த்தேன்.