குடுவையில் தங்கிய சோப்பு

அறிவுக்கு அணியாய் அவைத்தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் பெருந்தகையே! நரைத்த தலைகளால் அரங்குக்கு ஒளி தரும் சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தமர்ந்த தாய்மார்களே! இருபத்தாறு ஆண்டுகள் இந்த ஆய்வகத்தின் குடுவைகளைக் கழுவிய இரு கைகளையும் கூப்பி வணங்குகிறேன்.

பணி ஓய்வு பெறும் எனக்குக் கேடயம் தந்திருக்கிறீர்கள். "குறையற்ற தூய்மைக்கு" என்று பொறித்திருக்கிறீர்கள். கைதட்டுகிறீர்கள். பொறுங்கள் அன்பர்களே! அந்தக் கைதட்டலைச் சற்றுக் கைக்குள்ளேயே வைத்திருங்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிப்படி இறங்கியவள் நான். ஆயினும் நீங்கள் கசக்கி எறிந்த தாள்களை விரித்து விரித்துப் படித்தவள். ஈஸ்ட் என்பது யாது? மொட்டுவிட்டு மொட்டுவிட்டுப் பெருகும் ஒற்றை உயிரணு. கால்சியம் என்பது யாது? அந்த உயிரணு என்னும் வீட்டுக்குள் செய்தி சுமந்தோடும் தூதன். அளவோடு வந்தால் தூது. அலையலையாய் வந்தால் அமளி! சில கொழுப்பு அமிலங்கள் பட்டால் கதவு திறக்கும், கால்சியம் பாயும், மொட்டு நிற்கும், வளர்ச்சி வாடும்.

இதை மெய்ப்பிக்கத்தான் ஏழாண்டுக்கு முன் ஒரு மாணவி இங்கே உழைத்தார். தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்ததால் நீங்கள் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்பீர்கள். அவர் என்னைப் 'பளபளாக்கா' என்பார். ஒரு வரிசைக் குடுவைகளில் கொழுப்பு அமிலம் சேர்த்தார்; மறு வரிசையில் சேர்க்கவில்லை. சேர்க்காதது செழிக்க வேண்டுமல்லவா? செழித்ததா? இரண்டும் ஒன்றாய் வாடின! மூன்று முறை செய்தார். மூன்று முறையும் வாடின. தலைவர் அவர்களே, அன்று தாங்கள் அவரைக் கேட்டீர்கள்:

"எதையோ மாத்தி ஊத்திட்டு எங்கிட்ட வந்து கத சொல்றியா?"

"இல்ல சார், லேபிள் ஒட்டித்தான் சார் ஊத்துனேன்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல்: "மொதல்ல கண்ணாடிய மாத்து தாயே, ஈஸ்ட் தானா வளரும்!"

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். அடுத்த மாதம் அவர் ஆய்வை விட்டே போனார்.

அந்நாட்களில் நடந்தது என்ன? குடுவை கழுவும் திரவம் தீர்ந்துபோயிருந்தது. வீட்டிலிருந்து துணி சோப்புக் கட்டி கொண்டுவந்தேன். தேய்த்தேன், மின்னவைத்தேன், ஆறு முறை அலச வேண்டியதை இரண்டு முறை அலசினேன். கண்ணுக்குப் பளபளப்பு. எனக்கு அதுவே கர்வம்!

சென்ற ஆண்டு தங்கை மகளின் பாடநூலைப் புரட்டியபோது ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. சேர்க்காத குடுவையில் சேர்த்தது யார்? நான்! செழிக்க வேண்டியதைச் சாய்த்தது யார்? நான்! தெரிந்தும் ஓராண்டு வாய் திறவாதது யார்? வேலைக்கு அஞ்சிய இதே நான்!

சென்ற வாரம் அந்த மாணவியைத் தேடிப் போனேன். ரொட்டித் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அட, பளபளாக்கா! இன்னும் தேய்ச்சுக்கிட்டேதான் இருக்கீங்களா?"

"தப்பு உன்மேல இல்ல கண்ணு. என் சோப்பு மேல."

முழுவதும் கேட்டார். சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்பவே சொல்லிருந்தா ஓடி வந்திருப்பேன்க்கா. இப்ப ஒரு பெட்டிய ஒட்டிட்டு நாலு தடவ பிரிச்சுப் பாக்குறேன். என் கைய நானே நம்புறதில்ல."

முன்வரிசைத் தாய் ஒருவர் 'ஐயோ' என்கிறார். அம்மா, அந்த 'ஐயோ' ஏழாண்டு தாமதம். என்னுடையதும் அப்படியே.

தலைவர் அவர்களே! அவருடைய குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று தங்கள் கையெழுத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதை அடிக்க வேண்டாம். அதற்கு நேரே என் பெயரை எழுதி, அந்தப் பக்கத்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். மீண்டும் அவர் வருவாரா? அறியேன். அதுவரை இந்தக் கேடயம் இந்த மேசையிலேயே இருக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. இப்போது கைதட்டாமல் இருக்கும் கைகளுக்கு அதனினும் நன்றி. வணக்கம்.