ஓடிப் பார்த்து வாங்கிய ஷூ

தொண்ணூறுகளில் ஒரு மாலை, மைசூரில் விஜயநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். தங்கையின் மடியில் ஒரு ஷூ பெட்டி.

“ஆம்பளைங்க ஷூவைப் போயி யாராவது வாங்குவாங்களாடி?” என்றாள் அக்கா.

“லேடீஸுக்கு ஓடுற ஷூவே இல்லையாம்க்கா. மூணு கடை ஏறி இறங்கினேன். வெள்ளை கேன்வாஸ் போட்டுக்கிட்டு வாக்கிங் போங்க மேடம்ங்கறான்.”

“அதையே வாங்கியிருக்கலாமில்ல?”

“அதப் போட்டு ஓடித்தானே போன மாசம் முட்டி வீங்குச்சு. இது அடியில மெத்துனு இருக்கு, குதிகால நல்லாப் பிடிக்குது. கடை வாசல்லயே, ரோட்டுல ஓடிப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்.”

“ஹௌதா? நெசமாவா? புடவையிலயா?”

“ஆமா. நான் காலேஜுக்காகப் போட்டியில ஓடினவ. கல்யாணத்துக்கப்புறம் எல்லாரும் சொன்னாங்கன்னு இருபது வருஷம் நின்னேன். இனிமே நிக்கிறதா இல்ல.”

அக்கா பஸ்ஸில் சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தெருவுல சிரிப்பாங்களேடி?”

தங்கை குரலைத் தாழ்த்தவில்லை.

“சிரிக்கட்டும்க்கா. அவங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன்.”