காஜா பெராங் சமாதி

அன்று குழியைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர்: அருங்காட்சியகத்தின் சார்பில் நீங்கள், மண் வெட்டிய தியாகு, மண் சுமந்த அஞ்சலை, நிலத்தின் பழைய சொந்தக்காரன் என்ற முறையில் நான். வெயில் அதிகமில்லை.

காஜா பெராங்கில் அரசாங்க வீடுகள் கட்டுமுன், பழம்பொருள் ஏதும் உண்டா என்று தோண்டிப் பார்க்க வந்திருந்தீர்கள், திரு. சேதுராமன். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். எட்டடி ஆழத்தில் எலும்புக்கூடு தெரிந்தது.

"சார், இவரு குந்திக்கிட்டு இருக்காரு," என்றான் தியாகு. "படுக்க எடம் பத்தலையோ என்னவோ."

நீங்கள் சிரிக்கவில்லை. பக்கத்தில் மக்கிக் கிடந்த நெல்லைக் காட்டி, "படையலாங்கய்யா?" என்று கேட்டீர்கள்.

ஆமாம் என்றேன். எங்கள் முப்பாட்டனார், துறவி, உட்கார வைத்து அடக்கம் செய்தது, தொடக்கூடாது என்றேன். நீங்கள் சப்பாத்தைக் கழற்றினீர்கள். அஞ்சலை விழுந்து கும்பிட்டாள்.

அது என் தம்பி நல்லையா. ஜப்பான்காரன் காலத்தில் நெல்லை ஒளித்துவைக்க அவனே வெட்டிய குழி. அஞ்சலையைக் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தான். அவள் குருபோங் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். அவள் சாதியை இந்தத் தாளில் எழுத மாட்டேன். மூட்டையோடு அவன் இறங்கியதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். அவளை விட்டுவிடு என்று மூன்று முறை நிதானமாகச் சொன்னேன்.

"ஏணிய விடுங்கண்ணே. நீங்கதானே தாலி எடுத்துக் குடுக்கணும்," என்று சிரித்தான்.

பலகை போட்டு மண்ணைத் தள்ளினேன். மறுநாள் பகலோடு சத்தம் நின்றது. சயாம் ரயில்பாதை வேலைக்கு அவனை ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அந்நாளில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இப்போது வீடுகளின் நடுவே சமாதிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பூசை பரம்பரையாக என்னுடையதாம். பிள்ளைகள் கிளேபாங்கிற்குக் குடிபோய்விட்டார்கள். நான் போக முடியாது. ஒரு நாள் விளக்கு எரியாவிட்டாலும் ஊர் கேட்கும். மூத்தவன் இளையவனைக் கும்பிடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நான் தினமும் கும்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அஞ்சலை வருகிறாள். "சயாமுக்குப் போனவரு திரும்பி வரணும்னு சாமிகிட்ட சொல்லுங்கய்யா," என்கிறாள். என் வாசற்படியில் நான் ஏறவிடாதவளுக்குத் திருநீறு பூசிவிடுகிறேன்.

உங்கள் அறிக்கைக்கு ஒரு திருத்தம். உள்ளே இருப்பவர் தாமே விரும்பி, உயிரோடு அமர்ந்து ஜீவசமாதி ஆனவர் என்று ஊரில் பேசுகிறார்கள். உயிரோடு என்பது சரி. விரும்பி என்பது தவறு.