சுருக்கிக் காட்டிய எண்

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஓசூரில் எங்கள் தொழிற்சாலைப் பயிற்சிக்கூடத்தில் யாரும் அப்படி வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி கொடுக்கும் நாராயணப்பன் வாசலில் செருப்பைக் கழற்றி, மானிட்டரில் இருக்கும் சந்தனப் பொட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. நானும் துடைக்கவில்லை. மரியாதை இருந்தால்தான் வேலை ஓடும்.

நீங்கள் விசாரிப்பது என் புரோகிராமில் இப்போது வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன் கண்டுபிடித்த அந்த ஒரு வரியைப் பற்றி. ஒளிக்க ஒன்றுமில்லை. பயிற்சிக்கு எடுத்த பிள்ளைகளுக்கு வீட்டுக்கணக்கை, அதாவது வீட்டுப்பாடமாகத் தரும் கணக்கை, கம்ப்யூட்டரிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தவன் நான். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் ஒவ்வொருவர் திரையிலும் வெவ்வேறு எண்கள் வரும். பார்த்து எழுத முடியாது. ஓர் எண்ணை எத்தனை தசம இடத்தோடு காட்டுவது என்பதற்குத் புரோகிராமுக்குள்ளேயே தனியாக ஒரு சின்னத் துண்டு, ஃபங்ஷன் என்பார்கள், எழுதினேன். எண் என்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் நிரந்தர வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்கணக்கில் அதிக மார்க் வாங்குகிறவருக்கு அது. கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மனைவி வெங்கடம்மாளின் தம்பி கிருஷ்ணப்பன். இன்னொருத்தி தேன்கனிக்கோட்டைப் பக்கத்து முனிலட்சுமி. அப்பா கூலிக்காரர், குத்தகைக்குப் போட்ட கேழ்வரகையும் யானை மிதித்துவிட்டுப் போயிருந்தது. கணக்கில் அவள் கெட்டிக்காரி. இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

"ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல படம் காட்றீங்க. எந்தம்பிக்கு ஒரு வேல வாங்கித் தர வக்கில்லியா?" என்றாள் வெங்கடம்மாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கும் ஆடியது.

மற்றவர்களுக்கு உள்ளே இருக்கும் எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றே. முனிலட்சுமிக்கு மட்டும் சுருக்கிக் காட்டச் சொன்னேன். உள்ளே 2.54 இருக்கும், அவளுக்கு 2.5 என்று தெரியும். அந்த நீளப் பக்கமுள்ள சதுரத் தகட்டின் பரப்பளவு கேட்டால் 6.25 என்பாள். மெஷின் கணக்கில் அது 6.45. தவறு என்று சிவப்பில் வரும். நான் பொய் எண் எதையும் காட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சுருக்குவது பொய்யாகாது.

"சார், மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன் சார். அதேதான் வருது," என்று வந்து நின்றாள்.

நாராயணப்பன் முந்திக்கொண்டார். "மெஷினு தப்பு பண்ணுமாம்மா? நீதான் எங்கியோ கோட்ட உட்டிருப்ப. போ, ஒழுங்கா போடு."

அவர் ஒரு பென்சிலை எடுத்து அவள் திரையில் இருந்ததைப் பெருக்கிப் பார்த்திருந்தால் அன்றே நான் மாட்டியிருப்பேன். கன்னத்தில் போட்டுக்கொண்ட கை பென்சில் பிடிக்குமா?

அவள்மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை. பாவமாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரச்சொல்லித் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன், சும்மாதான். அதே திரை, அதே ஃபங்ஷன். முதலில் வாதாடினாள். அப்புறம் சரியாகப் போட்டதையே அடித்து அடித்துத் திருத்தினாள். கடைசியில் இரண்டாம் வாய்ப்பாட்டுக்கே விரல்விட ஆரம்பித்தாள். "எனக்கு மண்டையில ஏறல சார்," என்று அழுதாள். எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா என்று தேற்றினேன்.

வேலை கிருஷ்ணப்பனுக்குக் கிடைத்தது. வெங்கடம்மாள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசினாள்.

போன மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். முனிலட்சுமி அங்கே கொட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். எடை போடுகிற வேலைக்குக் கூப்பிட்டும் மாட்டேன் என்கிறாள் என்று மேஸ்திரி குறைபட்டார். ஏம்மா என்று கேட்டேன்.

"கணக்கு எனக்கு வராதுங்க சார். கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே. நீங்களுந்தான் ஞாயித்துக்கெழம கூடப் பாக்காம எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்க." கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

அந்த வரியை எழுதியது நான்தான். தெரிந்தேதான் எழுதினேன். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் அவளுக்குக் கெடுதல் செய்திருந்தால், அப்படிக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாளா?