சாரம்மாள் தடுத்த ஞானஸ்நானம்

தலைமை தாங்கும் போதகர் சத்தியநேசன் ஐயா அவர்களே! ஆற்றங்கரை நிறைந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் அன்பும் சுமந்து வந்த தாய்மார்களே! அறுபத்தாறு வயதில் எனக்கு அகரம் காட்டிய அறிவொளி ஆசிரியை ரீபா அவர்களே! அனைவருக்கும் வணக்கம், ஆண்டவருக்குத் தோத்திரம்.

இந்தத் தாளை நானே எழுதினேன், நானே வாசிக்கிறேன்! பொறுங்கள், கைதட்டினால் வரி தவறிவிடும்.

என் மனைவி சாரம்மாள் எப்படிப்பட்டவள்? வாழைக்குக் களையெடுக்கும்போதும் வாயில் ஜெபம். வயலே மூழ்கினாலும் ஞாயிறு ஆராதனை. நான் அவள் சபையைச் சேராதவன். அவளை மகிழ்விக்க, ஒருநாள் வெள்ளை வேட்டியோடு இதே தாமிரபரணியில் ஞானஸ்நானத்துக்கு இறங்கினேன். அன்றைய போதகர் என் தலையில் கைவைத்தார். கரையில் எழுந்ததே அவள் குரல்!

“ஐயா, நில்லுங்க! அவரு எனக்காக முங்குதாரு. சொந்த விசுவாசம் இல்லாம முங்குனா நம்ம பாப்டிஸ்ட் சபையில செல்லாது!”

என்ன பிச்சைக்கண்ணு அண்ணாச்சி, இன்னுமா சிரிக்கீரு? “குளிச்சதாவது மிச்சம் வே” என்று அன்று சொன்னவர் நீர்தானே?

வீட்டில் சண்டை போட்டேன். “உன் ஆசைக்குத்தான இறங்கினேன்?”

“அதுக்குத்தான் தடுத்தேன். நான் சாப்பிட்டா உங்க வயிறு நெறையுமா? நீங்களே வாசிங்க, நீங்களே யோசிங்க. மனசு வந்தா இறங்குங்க.”

எழுத்தறியாதவன் எதை வாசிப்பேன்? முதியோருக்கு எழுத்துச் சொல்லித்தர வந்தது அறிவொளி இயக்கம்! நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியபோது அவள் படுக்கையில் விழுந்தாள். அருகில் அமர்ந்து வேதம் வாசிப்பேன். “பைய வாசிங்க, ஓடியா போவுது?” என்பாள்.

ஒரு மாலை கேட்டாள்: “இப்ப இறங்குவீங்களா?”

‘ஆம்’ என்றால் நிம்மதியாகக் கண்மூடுவாள். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், “இன்னும் முழு மனசு வரல்ல, சாரா” என்றேன்.

அழுவாள் என்றிருந்தேன். சிரித்தாள்! “இப்பத்தான் உள்ளதைச் சொல்லுதீங்க. இனி எனக்காக முங்கிருவீங்களோன்னு பயமில்ல.” அந்த வாரமே கர்த்தரிடம் போனாள்.

பிறகும் வாசித்தேன். கேட்க ஆளில்லை, எனக்காகவே வாசித்தேன். போன மாதம் வரப்பில் உட்கார்ந்து வாசிக்கையில், வேதத்தை மூடிவிட்டு ஜெபித்தேன். அவள் சொல்லும் ஜெபமா? இல்லை. அத்தனையும் என் சொல், என் கண்ணீர், என் நம்பிக்கை!

ஆகவே, அன்பர்களே, இன்று இறங்குகிறேன். தடுக்க அவள் இல்லை என்றா? இல்லை! அவள் இருந்தாலும் தடுக்கக் காரணம் இல்லை என்று!

நடந்து வந்த கால்களுக்கும் கேட்டிருந்த காதுகளுக்கும் நன்றி. அண்ணாச்சி, இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடியும். வணக்கம்!