மேடையில் கழற்றிய செருப்பு

கும்பகோணம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"கலெக்டர் முன்னாடியே செருப்பைக் கழட்டிட்டேன்."

"ஏன்க்கா?"

"குறுவை நடவு பத்திப் பேச மேடை ஏறினேன். மைக்கைப் பிடிச்சதும் போன வருஷம் மாதிரியே நாக்கு ஒட்டிக்கிச்சு. நடவு பொம்பளைங்ககிட்ட வயல்ல தினம் பேசுறேன், அங்க பயமே வராது. வயல்ல செருப்போட இறங்குவோமா? அதான் கழட்டினேன்."

"பேச்சு வந்துச்சா?"

"இருபது நிமிஷம். ஸ்லைடைக்கூடத் திரும்பிப் பாக்கல. கலெக்டர் மூணு கேள்வி கேட்டாரு, மூணுக்கும் பதில் சொன்னேன்."

"செருப்பு?"

"மைக் பக்கத்துலயே விட்டுட்டு இறங்கிட்டேன். அடுத்துப் பேச வந்த பெரிய ஆபீசர் அதைச் சுத்திப் போய் நின்னாரு."